விரல் ஏலாமப் போன ஆக்களுக்கு: போன்ல கதைச்சுக் கதைச்சே சிறுகதை எழுதலாமோ? ஜிபோர்ட் குரல் தட்டச்சு பற்றி என்ர றிவியூ

போன்ல கூகுள்ட கீபோர்ட் இருக்குதானே, ஜிபோர்ட் எண்டு சொல்லுறது, அதில இருக்கிற மைக் படத்தை அமத்திப்போட்டுத் தமிழ்ல கதைச்சா அது தானா எழுதிக் காட்டும். வட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்ப இதைப் பாவிக்கிற ஆக்கள் கன பேர் இருக்கினம். ஆனா ஒரு முழுச் சிறுகதையை இதால எழுதி முடிக்கலாமோ, அதுவும் எங்கட பேச்சுத் தமிழ்ல, வயசு போன ஆக்களுக்குச் சரிவருமோ எண்டு ஒருத்தரும் வடிவா எழுதினதை நான் காணேல்ல. நான் இப்ப எல்லாக் கதையும் இதாலதான் எழுதுறன், அதால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல நான் ஆர் எண்டு சொல்ல வேணும், ஏனெண்டா நான் முந்திச் செய்த வேலையள் எல்லாம் இதுக்குள்ள வந்து நிக்குது. எழுபதுகள்ல கொழும்பு புதுக்கடை கோட்டுக்குப் பக்கத்தில ஒரு நொத்தாரிசு ஒபிஸில தமிழ் டைப்பிஸ்ட்டா வேலை தொடங்கினனான். காணி உறுதி, சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம் எண்டு நாள் முழுக்க டைப் அடிக்கிறது. அந்தத் தமிழ் டைப்ரைட்டரை இப்பத்தைய பிள்ளையளுக்குச் சொன்னா நம்பமாட்டினம். தமிழ்ல 247 எழுத்து, மெஷினில இருக்கிறது ஐம்பதுக்கும் குறைஞ்ச விசை, அதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கி ஒரு விசைப்பலகை செய்து தந்தது எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில 1886ல பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. 'க்' எண்டு அடிக்க வேணுமெண்டா முதல்ல புள்ளியை அடிக்க வேணும், அந்த விசை அடிச்சாலும் உருளை நகராது, பிறகு 'க' அடிச்சா அந்தப் புள்ளிக்குக் கீழ வந்து நிக்கும். கையெழுத்தில கடைசியா வைக்கிற புள்ளி மெஷினில முதல்ல வரும். இந்தப் பழக்கம் விரலுக்குள்ள போறதுக்கு மாசக்கணக்கு எடுக்கும், போயிட்டா பிறகு சாகும்வரைக்கும் போகாது. உறுதியில ஒரு எழுத்தை வெட்டினாலும் அதை நொத்தாரிசு கீழ அத்தாட்சியில எழுத வேணும், அதால பிழை விடாம அடிக்கிற டைப்பிஸ்ட்டுக்கு அந்த நாளையில நல்ல மரியாதை.

83 ஆடிக் கலவரத்தோட அந்த ஒபிஸும் போச்சு, வேலையும் போச்சு. பிறகு கன காலம் வீட்டில இருந்து சாறி பிளவுஸ் தைச்சுக் குடுத்தன், கலியாணக் கேக்குக்கு ஐசிங் பூ செய்து குடுத்தன், ஒரு டிசம்பர் வந்தா ரிச் கேக் ஓடர் மட்டும் வீடு நிறைய இருக்கும். பிறகு கோட்டையில ஒரு கம்பனியில சுவிட்ச்போர்ட் ஒப்பரேட்டர், அங்கயே கொஞ்சம் கொஞ்சமா ஏறி நிர்வாக வேலை, கடைசியா இரத்மலானைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ்ல ஸ்டோர் கணக்கு. இடையில இலங்கை வானொலியில நாடகத்துக்குக் குரல் குடுத்திருக்கிறன், பெரிய பாத்திரம் ஒண்டும் இல்ல, அயல்வீட்டு மனுசி, ஆஸ்பத்திரி நர்ஸ், ஒரு நாடகத்தில அழுகிற சத்தம் மட்டும். சம்பளம் எண்டு சொல்ல ஒண்டும் பெரிசா இல்ல, ஆனா சுதந்திர சதுக்கத்தில இருக்கிற அந்த ஸ்டூடியோவுக்குள்ள போய்க் கதவை மூடினா வாற அமைதிக்காகவே போவன்.

ஈ.பி.எஃப். எண்ட ஓய்வுகாலச் சேமிப்புக் காசை எடுத்துக்கொண்டு வீட்டில இருந்தாப் பிறகு குரோஷே பின்னுறது, பால்கனியில ஓர்க்கிட் வளக்கிறது, வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் வாசிக்கிறது, இதுதான் பொழுது. கதை எழுத வந்தது 2022 கரண்ட் கட்டில. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெளிச்சமில்லாம இருந்தம் ஞாபகம் இருக்குத்தானே, ஊசி கோர்க்க ஏலாது, புத்தகம் வாசிக்க ஏலாது, ஃபேனும் இல்ல. அப்ப போன்ல இருக்கிற வொய்ஸ் ரெக்கோர்டரைப் போட்டுட்டுப் புதுக்கடைக் காலத்துக் கதையளை இருட்டுக்குள்ள இருந்து சொல்லத் தொடங்கினன். காணி வித்த காசை எண்ணாம மடியில கட்டிக்கொண்டு போன கிழவி, ஒரே உறுதிக்கு நாலு அண்ணன் தம்பி நாலு தரம் வந்து சண்டை பிடிச்சது, இதெல்லாம். கரண்ட் வந்தாப் பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதப் பாத்தா, விரல் மூட்டு வாதம், அரைப் பக்கத்துக்கு மேல பேனை பிடிக்க ஏலாது, லப்டொப் கீயும் அமத்தேலாது. தட்டச்சையே தொழிலாச் செய்த ஒருத்திக்கு அது எவ்வளவு கவலை எண்டு அந்தத் தொழில் செய்த ஆக்களுக்கு விளங்கும். என்ர பெறாமகள்தான் ஒருநாள் வந்து "சின்னம்மா, ஏன் கஷ்டப்படுறீங்க, கதைச்சா அதே எழுதும்" எண்டு சொல்லி இந்த மைக்கைக் காட்டித் தந்தவ.

சரி, இனி விஷயத்துக்கு வாறன்.

போடுற விதம் லேசு. ஜிபோர்ட் செற்றிங்ஸ்ல மொழி எண்ட இடத்துக்குப் போய் தமிழைச் சேர்க்க வேணும். அதில தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எண்டு பிரிச்சுப் போட்டிருக்கும், எங்கட ஆக்கள் மறக்காம இலங்கையை எடுங்கோ. 2017 ஓகஸ்ட்ல கூகுள் குரலுக்குப் புதுசா 30 மொழிவகை சேர்த்தது, தமிழும் சிங்களமும் அந்த முறைதான் வந்தது. காசு ஒண்டும் இல்ல, டேட்டா மட்டும் வேணும். நான் கதைக்கிறது எழுத்தா வர நெட் நல்லா இருக்க வேணும், சிக்னல் விழுந்தா பாதி வசனத்தில நிண்டுபோகும். கரண்ட் இல்லாத நேரம் டவரும் படுத்திடும், அந்த நேரத்துக்கு இப்பவும் பழைய ரெக்கோர்டர்தான்.

எவ்வளவு சரியா எழுதுது எண்டு கேட்டா, செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைச்சா ஆச்சரியப்படுற அளவுக்குச் சரியா எழுதும். ல, ள, ழ மூண்டையும், ர றவையும் நான் பாத்த அளவில பெரும்பாலும் சரியான இடத்திலதான் போடுது, வசனத்தைப் பாத்து ஊகிக்குது போல. நாங்க பேசேக்க ளவும் ழவும் ஒரே மாதிரித்தானே சொல்லுறம், அப்பிடி இருந்தும் 'வாழை'யும் 'வாளி'யும் அதுக்குக் குழம்பேல்ல. இது உண்மையாப் பெரிய விஷயம். நல்ல டைப்பிஸ்ட் மாரே இதில தடுமாறுறதை நான் கண்ணால கண்டிருக்கிறன்.

கஷ்டம் வாறது பேச்சுத் தமிழ்ல. ஒரு உதாரணம் அப்பிடியே போடுறன். நான் சொன்னது இது: "அவ கோல்ஃபேஸில காத்து வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு நேரா புதுக்கடைக்குப் போனவ." போன் எழுதினது இது: "அவ கோல்பேஸ்ல காத்து வாங்க போறேன் என்று சொல்லி போட்டு நேரா புது கடைக்கு போனவள்." பாருங்கோ. ஒற்று எல்லாம் போச்சு, வாங்கப் போறன் எண்டதில ப் இல்ல, புதுக்கடை எண்ட இடம் புதுசாத் திறந்த ஒரு கடையா மாறிட்டு, போறன் போறேன் ஆகிட்டு. அதெல்லாம் பரவாயில்ல, ஆனா கடைசியில 'போனவ' எண்டு மரியாதையாச் சொன்ன மனுசியை 'போனவள்' எண்டு எழுதி வைச்சிருக்கு. என்ர கதையில அது ஒரு மாமியார், மருமகள் அவவைப் பற்றிச் சொல்லுற வசனம். அந்த ஒரு எழுத்தால மருமகளின்ட குணமே மாறிப்போகும். வாசிக்கிற யாழ்ப்பாணத்து ஆள் உடன, என்ன இந்தப் பிள்ளை மாமியை இப்பிடிக் கதைக்குது எண்டு நினைப்பார். இதுதான் இந்த சேர்விஸ் பற்றி எனக்கு இருக்கிற பெரிய முறைப்பாடு. தமிழ் இலங்கை எண்டு தனியாப் பேர் போட்டு வைச்சிருக்கிறீங்க, அப்ப எங்கட வாய் எப்பிடிப் பேசுது எண்டு அதுக்கு இன்னும் நல்லாப் படிப்பிக்க வேணும்.

கொழும்புக் கதை எழுதுற ஆக்களுக்கு இன்னொரு சிக்கல், சிங்களம். எங்கட ஃப்ளாட்டில லிஃப்ட்டுக்குள்ள ஏறினாலே ரெண்டு பாஷை வரும், கதையில அது வராட்டி அது கொழும்பே இல்ல. மரக்கறிக்காரர் "மொனவத நோனா ஓனே?" எண்டு, அதாவது என்ன வேணும் அம்மா எண்டு, கேக்கிற இடத்தில தமிழ் மைக் தனக்குத் தெரிஞ்ச தமிழ்ச் சொல்லு எதையாவது பிடிச்சுப் போடும். சிங்களக் கீபோர்டுக்கு மாத்தினா நல்லா எழுதுது, ஆனா சிங்கள எழுத்தில வரும், எனக்குத் தேவை தமிழெழுத்தில. அதால அந்த வசனங்களை மட்டும் ஸ்டைலஸ் பேனையால குத்திக் குத்தி எழுதுறன், ஒரு கதையில அப்பிடி வாறது கொஞ்சம்தான், விரல் தாங்குது. இங்கிலீஷ் சொல்லு வந்தா ஒருக்காத் தமிழெழுத்திலயும் ஒருக்கா இங்கிலீஷ் எழுத்திலயும் போடும், அதுக்கு ஒரு ஒழுங்கு இல்ல.

நிறுத்தக்குறி என்ர போன்ல தமிழுக்கு வரேல்ல. முற்றுப்புள்ளி எண்டு சொன்னா 'முற்றுப்புள்ளி' எண்டே எழுதும். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியே இல்லாம ஒரே வசனமா நீண்டு கிடக்கும், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா எது எங்க முடிஞ்சது எண்டு எனக்கே தெரியாது. இதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். வசனம் முடியிற இடத்தில எல்லாம் 'ஒட்டகச்சிவிங்கி' எண்டு சொல்லுவன். ஏனெண்டா அந்தச் சொல்லை போன் ஒருநாளும் பிழையா எழுதாது, என்ர கதையில ஒருநாளும் ஒட்டகச்சிவிங்கி வராது. எல்லாம் முடிஞ்சாப் பிறகு கூகுள் டொக்ஸ்ல கண்டுபிடி மாத்து எண்ட வசதியில ஒட்டகச்சிவிங்கியை எல்லாம் ஒரேயடியாப் புள்ளியா மாத்திடலாம். கேள்விக்குறிக்கு வேற ஒரு சொல்லு வைச்சிருக்கிறன். செய்து பாருங்கோ, சரியான சுகம்.

இதே மாத்துற வசதியால பேச்சுத் தமிழ்ப் பிரச்சினையையும் பாதி தீர்க்கலாம். நான் செய்யிறது என்னெண்டா, கதை சொல்லுற பகுதியை ஒரு ஃபைலில சொல்லுவன், ஆக்கள் கதைக்கிற பகுதியை வேற ஃபைலில சொல்லுவன். கதைக்கிற ஃபைலில மட்டும் 'என்று' வாற இடத்தை எல்லாம் 'எண்டு' ஆக்கி, 'போறேன்' எல்லாம் 'போறன்' ஆக்கி, பிறகு ரெண்டையும் சேர்ப்பன். 'போனவள்' மாதிரிச் சொல்லை மட்டும் ஒவ்வொண்டாப் பாத்து மாத்த வேணும், ஏனெண்டா சில இடத்தில ஒருத்தி கோவத்தில உண்மையாவே 'போனவள்' எண்டுதான் சொல்லியிருப்பா.

கதைக்கேக்க இடையில யோசிக்க நிண்டா மைக் தானா நிண்டுபோகும், அது எல்லாருக்கும் எரிச்சல். எனக்கு இதில சுவிட்ச்போர்ட் பழக்கம் உதவுது, வாயைத் திறக்க முதல் முழு வசனத்தையும் மனசுக்குள்ள அடுக்கிப்போட்டுச் சொல்லுறது. வானொலிப் பழக்கமும் உதவுது. அங்க எங்களுக்குச் சொல்லித் தந்தது, மைக்குக்கு நேர ஊதாதீங்கோ, ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில நிண்டு கதையுங்கோ எண்டு. போனுக்கும் அதே கணக்குத்தான். வாய்க்கு முன்னால பிடிச்சுக்கொண்டு ப, ஃப எண்டு காத்து அடிச்சா எழுத்துக் குழம்பும். மேசையில சின்ன ஸ்டாண்டில வைச்சுப்போட்டுப் பக்கத்தில இருந்து சாதாரணமாக் கதைச்சாக் காணும், கத்தத் தேவையில்ல.

சத்தம் பற்றியும் சொல்ல வேணும். எங்கட ஒழுங்கை கடற்கரைப் பக்கம், கரையோர ரயில் போகேக்க அரைவாசிச் சொல்லைத் திண்டுபோட்டுப் போகும். விடியவும் பின்னேரமும் பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ அந்தப் பழைய பியானோப் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும், அந்த நேரத்தில மைக் அரை வசனத்தில நிண்டுபோகும், இல்லாட்டி நான் சொல்லாத ஏதோ ஒரு சொல்லை எழுதி வைக்கும். நான் எழுதுறது இரவு ஒம்பது மணிக்குப் பிறகு, ஜன்னல் சாத்திப்போட்டு, ஃபேனைக் குறைச்சு வைச்சுக்கொண்டு. உள் றோட்டில இருக்கிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது.

இதை விட வேற என்ன வழி இருக்கு எண்டும் பாத்தனான். வெளியில டைப்செற் பண்ணுற கடையளில குடுக்கலாம், பக்கத்துக்கு இவ்வளவு எண்டு எடுப்பினம். ஒரு இடத்தில குடுத்து எனக்கு நல்ல அனுபவம் இல்ல, பேர் சொல்ல விரும்பேல்ல. என்ர கையெழுத்து விளங்கேல்ல எண்டா போன் எடுத்துக் கேட்டிருக்கலாம், அதைச் செய்யாம ஆக்கள் கதைக்கிற வசனம் முழுக்கப் பாடப்புத்தகத் தமிழுக்கு மாத்தி, கொட்டாஞ்சேனை மீன்காரியை "நான் வருகின்றேன்" எண்டு சொல்ல வைச்சிருந்தவை. காசும் குடுத்து மனவருத்தமும் வாங்கின மாதிரி. போனும் மாத்துதுதான், ஆனா போன் மாத்தினதை நான் அந்த இடத்திலயே பிடிச்சுத் திருத்தலாம். லப்டொப்ல குரோம் போட்டு கூகுள் டொக்ஸ்ல குரல் தட்டச்சு எடுக்கலாம், அதிலயும் தமிழ் இருக்கு, நீளமாக் கதைக்கிற ஆக்களுக்கு அது நல்லம், எனக்குக் கட்டில்ல சாஞ்சுகொண்டு கதைக்கிறதுதான் வசதி. கையெழுத்தைப் படிக்கிற கீபோர்டும் இருக்கு, விரல் நல்லா இருக்கிற ஆக்கள் அதைப் பாக்கலாம்.

இதால என்ர எழுத்தே மாறிட்டு எண்டதையும் சொல்ல வேணும், இதுதான் எனக்கு முக்கியம். பேனை பிடிச்சு எழுதேக்க எனக்கு உறுதித் தமிழ்தான் வரும், 'மேற்படி', 'இத்தால் அறியத்தருவது', அந்த மாதிரி. அத்தனை வருசம் அடிச்ச விரல் அதைத்தான் எழுதும். வாயால சொல்லத் தொடங்கினாப் பிறகுதான் நான் கேட்ட ஆக்களின்ட குரல் வந்தது. பிளவுஸ் தைக்க வந்து நிண்டு வீட்டுப் பிரச்சினை எல்லாம் சொல்லிப்போட்டுப் போன பொம்பிளையள், சுவிட்ச்போர்டில லைன் கிடைக்காம அழுத ஆக்கள், கார்மென்ட்ஸ்ல ஓவர்டைம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளையள் கதைச்ச கதையள், அவையளை நான் நடிச்சுக் காட்டுற மாதிரிச் சொல்லுறன், அது எழுத்தா வருது. கேக் வேலை செய்த காலத்துக் கதை ஒண்டில, கலியாணம் நிண்டுபோன வீட்டுக்கு மூண்டு தட்டுக் கேக்கோட போய் நிக்கிற மனுசி வாறா, அந்தத் தாய் கதவைத் திறந்து "வந்திட்டீங்களோ... வையுங்கோ பிள்ளை, வைச்சிட்டுத் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" எண்டு சொல்லுவா. அதைச் சொல்லேக்க குரல் எனக்குத் தழுதழுத்தது, போன் அப்பவும் ஒரு சொல்லும் விடாம எழுதினது. பேனையால அந்த வசனம் எனக்கு வந்திருக்காது, நிச்சயமா.

ஆனா சொல்லி முடிச்ச உடன கதை முடிஞ்சுது எண்டு நினைக்கக் கூடாது. வாயால சொல்லேக்க ஒண்டையே மூண்டு தரம் சொல்லுவம், 'பிறகு', 'அப்ப', 'என்னெண்டா' எண்டு இழுப்பம். நான் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனையால வெட்டுவன், அரைவாசி போகும். ஒற்றுப் பிழை எல்லாம் அங்கதான் பிடிபடும், திரையில பாத்தாத் தப்பிடும். இதைச் செய்யாம அப்பிடியே எங்கயும் அனுப்பாதீங்கோ.

மற்றது, சொந்த விஷயம், குடும்பச் சண்டை, ஆக்களின்ட உண்மையான பேர் எல்லாம் இதில சொல்லேக்க கவனம், நீங்க கதைக்கிறது நெட்டாலதான் போய் வருது. நான் கதையில வாற ஆக்களுக்கு முதல் நாளே பொய்ப் பேர் வைச்சிட்டுத்தான் தொடங்குவன்.

ஐஃபோன் வைச்சிருக்கிற ஆக்கள் ஜிபோர்டை ஸ்டோர்ல எடுக்கலாம், நான் பாவிக்கிறது அன்ட்ரொய்ட், அதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறன். போன் விலை கூடினதா இருக்க வேணுமெண்டு இல்ல, என்ரது பெறாமகள் பாவிச்சுத் தந்த பழைய போன்தான். வாதம் வந்த ஆக்கள், கண் மங்கலான ஆக்கள், மணித்தியாலக் கணக்கில கதை சொல்லுவினம் ஆனா எழுதச் சொன்னா மாட்டினம் எண்ட ஆக்கள், இவையளுக்குக் கட்டாயம் போட்டுக் குடுங்கோ. முதல் கிழமை பக்கத்தில ஒருத்தர் இருந்து காட்டிக் குடுக்க வேணும், அதுக்குப் பிறகு தாங்களே செய்வினம். அஞ்சுக்கு நாலு குடுப்பன், எங்கட பேச்சை ஒழுங்கா எழுதப் பழகினா அஞ்சு.

புத்தகமாப் போட யோசிக்கிற ஆக்களுக்கு ஒரு கடைசி விஷயம். இதில வாறது யூனிகோட் எழுத்து. இஞ்ச கன அச்சகங்கள் இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவிலதான் வேலை செய்யுது, அவை மாத்தித்தான் எடுப்பினம், மாத்தேக்க சில இடத்தில எழுத்து உடையும். ஸ்ரீ, க்ஷ, பிறகு கொ, கோ, கௌ வாற இடங்களை புரூஃப்ல கண்ணுக்குக் கிட்ட வைச்சுப் பாருங்கோ. புத்தகத்துக்குப் போடுற ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை கொழும்பு 7ல இருக்கிற தேசிய நூலகம்தான் குடுக்குது, அதை அச்சுக்குக் குடுக்க முதலே எடுத்து வைச்சா நல்லம், பிறகு அட்டைக்காக நிக்கத் தேவையில்ல.